ரோமாபுரிப் படம்

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்
14.9.1984

என் அன்புத் தங்கை சிஸ்டர் பிரிஜட்டுக்கு,

அக்கா அந்தோனியம்மாள் எழுதுவது. இயேசுவுக்கே புகழ். உன் செபத்தால் உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் கேட்காதே.

உன் அத்தானுக்கு முப்பதாம் நாள் பூசை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. கோயில் நிறைய ஆட்கள். சாங்கி ஏர்போர்ட்டில் அவரோடு சரக்கு ஏற்றி இறக்கினவர்கள் யூனிபாரத்தோடே வந்து கடைசி வரிசையில் நின்றார்கள். இந்துக்காரர்கள்கூட எல்லாரையும் பார்த்து முட்டிபோட்டார்கள். சாமியார் பூசையில் ஆம்ப்ரோஸ் என்று அவர் பெயரைச் சொன்னபோது நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து அவருடைய செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அழுதேன்.

சாயங்காலம் லிஃப்ட் நிற்கிற சத்தம் கேட்டால் என் கை தானாகச் சோற்றுப்பானையைத் தூக்குகிறது. பிள்ளைகுட்டி இருந்தால் அதுகளைத் திட்டியாவது பொழுது போகும். ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பப் போய்விட்டேன். வார்டில் நோயாளிகளைத் துடைத்துவிடும்போது கொஞ்சம் மறந்திருக்கிறேன்.

நீ எழுதின கடிதம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. மடத்தில் காகிதத்துக்குப் பஞ்சமா? அடுத்த ஆகஸ்டில் வருஷப் பூசைக்கு நீ கட்டாயம் வர வேண்டும். மதரிடம் இப்போதே கேட்டு வை. எனக்கு இனி நீ ஒருத்திதான்.

ஒரு சந்தோஷமான சமாச்சாரமும் இருக்கிறது. அக்டோபர் ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் வீடு வீடாக வரும் அல்லவா? இந்த வருஷம் நம் வீட்டிலும் ஒரு வாரம் இருக்கப் போகிறது. சபைப் பெண்கள் எல்லாரும் வருவார்கள். அத்தான் நினைவாக அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். டிவிக்குக் கீழே அவர் ஒரு வீடியோ கேசட் வைத்திருந்தார். அட்டையில் ஒரு கன்னியாஸ்திரீ கையில் மெழுகுவர்த்தியோடு மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அது என்ன படம் என்று முன்பு ஒரு தடவை கேட்டேன். "ரோமாபுரிப் படம். இத்தாலிக்காரன் எடுத்தது. கன்னியாஸ்திரீ மடத்தப் பத்தி" என்றார். போட்டுக் காட்டுங்கள் என்றால், "லத்தீன் மாதிரி பேசுவான், உனக்கு ஒண்ணும் புரியாது" என்று சொல்லிவிட்டார்.

புரியாவிட்டால் என்ன? பூசைகூட முன்பு லத்தீனில்தானே இருந்தது. ஜெபமாலை முடிந்ததும் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டப் போகிறேன். எல்லாரும் பார்த்துவிட்டு அவர் ஆத்துமத்துக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள்.

தேக்கா மார்க்கெட்டில் ரவை வாங்கி வைத்துவிட்டேன். கேசரி போதுமா, வடையும் வேண்டுமா, எழுது.

உன் அக்கா,
அந்தோனியம்மாள்


திண்டுக்கல்
2.10.1984

என் அன்பு அக்காவுக்கு,

இயேசுவின் சமாதானம் உன்னோடு இருப்பதாக. உள்ளங்கை அகலக் கடிதம் என்று குறைப்பட்டிருந்தாய். இதோ, இரண்டு உள்ளங்கை.

மதர் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் ஒரு மாதம் உன்னோடு இருக்கலாம். விமானத்தில் ஏறப் பயமாக இருக்கிறது என்றேன். "உங்கள் அத்தான் வேலை பார்த்த இடத்தில்தானே இறங்கப் போகிறீர்கள், அவர் பார்த்துக்கொள்வார்" என்றார்கள்.

அப்பா இல்லாத குறை தெரியாமல், எனக்காகக் கப்பலேறி வந்து, மடத்து வாசல்வரை என்னைக் கூட்டிவந்தவர் அத்தான். துறவற வார்த்தைப்பாடு கொடுத்த அன்று என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார். என் படத்தை உங்கள் கூடத்தில் மாட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் கொழுந்தியா சிஸ்டர்" என்று அவர் பெருமையடிப்பதாக நீ எழுதும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

ரோமாபுரிப் படம் நல்ல யோசனை. எந்தப் புனிதையின் வரலாறு என்று பார்த்து எழுது. எங்கள் விடுதிப் பிள்ளைகளுக்கும் காட்டலாம். பங்குத் தந்தையிடம் வீடியோ பெட்டி இருக்கிறது.

வடையும் போடு. கேசரி மட்டும் கொடுத்தால் உங்கள் சபைத் தலைவி பிலோமினம்மாள் அக்கா மனத்துக்குள் குறை சொல்வார் என்று நீதானே சொல்வாய்.

உன் தங்கை,
சிஸ்டர் பிரிஜட்


குவீன்ஸ்டவுன்
5.11.1984

அன்புத் தங்கை பிரிஜட்டுக்கு,

சுகம். இங்கே மழை பிடித்துக்கொண்டது.

நீ ஆகஸ்டில் வருவதைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். வேண்டாம். வீடு சின்னது. நான் காலை, மாலை என்று மாறி மாறி வேலைக்குப் போகிறேன், நீ தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு மாதம் வருவதும் சரியில்லை. பூசையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

படத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். கேசட் கெட்டுப்போய்விட்டது.

அக்கா


திண்டுக்கல்
26.11.1984

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என்னைக் கட்டாயம் வா என்று எழுதின அதே கைதானா என்று எழுத்தைக்கூட ஒத்துப் பார்த்தேன்.

வீடு சின்னதா? நாம் அக்கா தங்கை எல்லாரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். வேலைக்குப் போகிறாயா? நான் சமைத்து வைப்பேன். இவையெல்லாம் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? அத்தான் அடக்கத்துக்கு வராமல் இருந்துவிட்டேன் என்ற கோபமா? எனக்குத் தந்தி கிடைத்ததே மறுநாள்தான், அதை முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.

நம் குடும்பத்தில் மிச்சம் நாம் இரண்டு பேர். உண்மையை எழுது, அக்கா. அது எதுவாக இருந்தாலும் நீ சொல்லாமல் இருப்பதைவிட லேசாகத்தான் இருக்கும். இப்போது மடத்தில் கடிதங்களை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நேராக என் கைக்குத்தான் வரும்.

உன் தங்கை,
சிஸ்டர் பிரிஜட்


குவீன்ஸ்டவுன்
20.12.1984

பிரிஜட்டுக்கு,

லேசாக இருக்கும் என்று எழுதிவிட்டாய். பார்க்கலாம். பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு இந்த வீட்டில்.

மாதா நம் வீட்டுக்கு வந்த அன்று கூடத்தில் காலை நீட்ட இடமில்லை, அவ்வளவு பெண்கள். சபைத் தலைவி பிலோமினம்மாள் அக்கா முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாதாவை வைக்க உயரமான இடம் டிவிப் பெட்டிதான். அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, பூ வைத்து, சுரூபத்தை வைத்தோம். அதற்கு மேலே சுவரில் நீ. ரொம்ப அழகாக இருந்தது. அத்தான் இல்லையே என்று நினைத்தேன்.

ஜெபமாலை முடிந்தது. எனக்கு வீடியோ போடத் தெரியாது. எதிர்வீட்டு சரஸ்வதியைக் கூப்பிட்டேன். அவள் வீட்டுக்காரர் வேலாயுதமும் அத்தானோடு ஏர்போர்ட்டில்தான் வேலை. அவள் கேசட்டைப் போட்டுப் பார்த்து, "கடைசி வரைக்கும் ஓடி நிக்குதுக்கா, முதல்ல இருந்து சுத்தணும்" என்றாள். சுற்றிவிட்டு, ஓட விட்டுவிட்டு, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று போய்விட்டாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மணி அடித்தது. மலைமேல் ஒரு மடம். கன்னியர்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். பாட்டு வந்ததும் பிலோமினம்மாள் அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, "ஆம்ப்ரோஸ் எவ்ளோ பக்தியான மனுஷன்லா" என்று கண்ணைத் துடைத்தார். கீழே சீன எழுத்து ஓடியது. பேச்சும் புரியவில்லை, எழுத்தும் புரியவில்லை. நான் எல்லாருக்கும் வடை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்ததை உனக்கு நான் எழுத மாட்டேன். அவர்கள் மடத்திலிருந்து உடுப்பை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள், பிரிஜட். கொஞ்ச நேரத்தில் அந்த உடுப்பும் இல்லை.

யாராவது கத்தியிருக்கலாம். யாராவது எழுந்து வெளியே போயிருக்கலாம். ஒருத்தரும் அசையவில்லை. என் கையில் தட்டு. எந்தப் பொத்தானை அமுக்கினால் நிற்கும் என்று தெரியவில்லை. கூட்டத்தில் வயதான லாசரஸின் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர் மட்டும், "யாருக்கு சீக்கு? ஒடம்பு தொடச்சி விடுறாங்களா?" என்று கேட்டார்.

பிலோமினம்மாள் அக்கா எழுந்தார். நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். மாதா சுரூபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மாதா டிவியைப் பார்த்துக்கொண்டா இருந்தார்? எங்களைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒவ்வொருத்தராக டிவியிலிருந்து கண்ணை எடுத்து, மேலே உன் படத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஒரு வாரம் நம் வீட்டில் இருக்க வேண்டிய மாதாவை அன்றே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மற்றதெல்லாம்கூட ஆறும். லிஃப்ட் கதவு மூடும்போது துண்டுக்கு வெளியே மாதாவின் கால் தெரிந்ததே, அது ஆறவில்லை.

இப்போது கோயிலில் என் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. "கொஞ்ச நாள் சபைக்கு வராம ரெஸ்ட் எடுத்துக்க அந்தோனியம்மா" என்று பிலோமினம்மாள் அக்கா நல்ல விதமாகவே சொன்னார். அதே பிலோமினம்மாள் அக்கா போன வாரம் தேக்காவில் மீன் கடைப் பக்கம் என்னை ஒதுக்கி, காதுக்குள், "அந்தப் படத்துல வர்ற மதர் கடைசில திருந்துனாளா, இல்லியா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "ரொம்ப மோசமான படம்" என்று சொல்லிவிட்டு இறால் விலை கேட்கப் போய்விட்டார்.

ஆளுக்கொரு அபிப்பிராயம். சரஸ்வதிக்கு நடந்தது தெரிந்ததும் அழுதுவிட்டாள். பிறகு, "எங்க வீட்டுக்காரரும் பாத்திருக்காராம்க்கா. கதையே இல்லைன்னு சொல்றாரு. இவரு கதை கேக்கத்தான் போனாரு பாரு!" என்று அவரைத் திட்டினாள்.

அந்தக் கேசட் ஏர்போர்ட் ஆட்கள் சேர்ந்து எல்லை தாண்டி மலேசியாவில் ஜொகூரில் வாங்கினதாம். நான் வேலைக்குப் போன நாட்களில் நம் வீட்டில்தான் பார்த்திருக்கிறார்கள். சொன்னது சவரிராஜ். அத்தானின் கூட்டாளி, பூசையில் காணிக்கைத் தட்டு எடுப்பாரே, அவர். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே என்னைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அந்தக் கேசட்டக் குடுத்துடுங்க. போலீஸ் கீலீஸ் வந்தா வம்பு" என்றார்.

அவராகவே பேசினார். "தப்பா நெனைக்காதீங்க அண்ணி. இத்தாலிக்காரன் எடுத்தா வேற மாதிரி. வெறும் அசிங்கம் இல்ல. மெழுகுவத்தி வெளிச்சத்துலயே எடுத்திருப்பான். ஆர்ட்டு."

"ஆர்ட்டுன்னா ஏன் தம்பி சட்டைக்குள்ள ஒளிச்சிக் கொண்டாந்தீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார், "அண்ணன் பாதியிலேயே எந்திரிச்சிட்டாரு அண்ணி. எனக்கு வேணாம்டான்னு வெளிய போயி நின்னுட்டாரு. சத்தியமா."

என்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறார். அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாகப் போய்விட்டது. கேசட் நம் வீட்டில் இருந்தது. கடைசி வரைக்கும் ஓடி நின்றிருந்தது.

உன் படத்தை அன்றைக்கே கழற்றிவிட்டேன். அவருடைய படத்தையும் கழற்றிவிட்டேன். இப்போது செத்துப்போன மனுஷனுக்காக அழ உட்கார்ந்தால் அழுகை வருகிறதுக்குள் வெட்கம் வந்துவிடுகிறது. இந்தக் கூடத்தில் உன்னை எப்படி உட்காரச் சொல்வேன்? அதனால்தான் வராதே என்றேன்.

கிறிஸ்து பிறப்புத் திருநாள் வருகிறது. அங்கே பிள்ளைகளோடு சந்தோஷமாக இரு.

அந்தோனியம்மாள்


திண்டுக்கல்
30.1.1985

அக்காவுக்கு,

உண்மையை எழுது என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

தினமும் பேருந்து நிலையத்துக்கு நடந்து போகிறேன். டீக்கடையில் நிற்கிறவர்கள் என் உடுப்பைப் பார்த்துப் பாட்டுப் பாடுவார்கள். ஒரு முறை ரயிலில் ஒருவன் என்னைப் பார்த்துக் கேட்டதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதையெல்லாம் நான் ஆண்டவருக்குக் காணிக்கையாகப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் உலகத்தில் ஒரு வீட்டிலாவது இந்த உடுப்பை யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். அது உன் வீடு.

"என் கொழுந்தியா சிஸ்டர்" என்று சொல்லி என் படத்தைக் காட்டினாரே, யாருக்குக் காட்டினார்? சவரிராஜுக்கும் வேலாயுதத்துக்குமா? படம் ஓடும்போது என் படமும் மேலே இருந்ததுதானே? அவர்கள் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்களா? மடத்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர் அவர். எனக்குக் கிடைத்த ஒரே தகப்பன். அந்த நாளையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார்.

மாலைச் செபத்தில் இறந்தவர்கள் பெயரைச் சொல்வோம். நேற்று என் முறை வந்தபோது அவர் பெயர் வாயில் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். அப்பா பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நான் வரவில்லை. மதரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன், அதுவும் உண்மை இல்லை. என்னிடம் மறைத்திருந்தால் நான் ஒரு மாதம் அழுதிருப்பேன், அவ்வளவுதான்.

சிஸ்டர் பிரிஜட்


குவீன்ஸ்டவுன்
18.3.1985

என் தங்கை பிரிஜட்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கேட்டதெல்லாம் நியாயம். படம் ஓடும்போது நீ மேலே இருந்தாயா என்று கேட்டாய். இருந்தாய். அந்தப் படத்தை ஆணியில் மாட்டினவர் அவர், ஒரு நாளும் கழற்றினதில்லை. நிமிர்ந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் இரண்டுக்கும் நான் சாட்சி சொல்லுவேன். அவருக்காக உன்னிடம் பரிந்து பேச இதை எழுதவில்லை.

போன மாதம் சவரிராஜ் கேசட் கேட்டுத் திரும்ப வந்தார். இந்த முறை வீட்டுக்கே. கதவைத் திறந்து, "உள்ள வாங்க தம்பி. உக்காருங்க. ரெண்டு பேரும் சேந்து பாப்போம். உங்க அண்ணன் எந்த இடத்துல எந்திரிச்சாருன்னு எனக்குக் காட்டுங்க" என்றேன். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, அண்ணி" என்று இரண்டு தடவை சொன்னார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை, படியில் இறங்கி ஓடினார். அவர் போன பிறகு சிரித்தேன். அத்தான் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. சிரித்துவிட்டு, சரி, அவருக்குச் சொன்னதை நானே ஏன் செய்யக் கூடாது என்று தோன்றியது.

எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் ஒன்று சொன்னார்கள். பிலோமினம்மாள் அக்கா பாவம் என்கிறார். சவரிராஜ் ஆர்ட் என்கிறார். வேலாயுதம் கதை இல்லை என்கிறார். நான் பாதியில் பிளக்கைப் பிடுங்கினவள். என் புருஷன் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும். சரஸ்வதியிடம் பொத்தான்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். லீவு நாளில், பட்டப்பகலில், ஜன்னலைச் சாத்திவிட்டு முழுசாகப் பார்த்தேன். தவக்காலத்தில் இப்படிச் செய்யலாமா என்று கேட்காதே. பார்த்தாயிற்று.

நான் படிக்காதவள். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அதில் ஒரு பெண் வருகிறாள். இருபத்தைந்து, முப்பது வயது இருக்கும். அட்டையில் மெழுகுவர்த்தி பிடித்திருப்பவள் அவள்தான். கல் தரையில் துணியில்லாமல் படுக்க வைத்திருக்கிறார்கள். பின்னால் ஜன்னலில் பனி தெரிகிறது. பிரிஜட், அந்தப் பெண்ணுக்குக் குளிருகிறது. நடிப்பு இல்லை. கையெல்லாம் புல்லரித்து, உதடு நீலமாகி, பேசும்போது பல் அடித்துக்கொள்கிறது. அழச் சொல்லியிருக்கிறார்கள், அவளும் அழுகிறாள். ஆனால் கால் விரலைப் பார்த்தேன், விரலை மடக்கி மடக்கிச் சூடேற்றிக்கொண்டிருக்கிறாள். படத்துக்கும் அந்த விரலுக்கும் சம்பந்தமே இல்லை. அது அவளுடைய சொந்த விரல்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் ஒரு பக்கம் துடைத்தால் மறுபக்கத்தைப் போர்த்திவிடுவோம். சாகக் கிடக்கிற நோயாளிக்கும் அதைத்தான் செய்வோம். அங்கே கேமரா பிடிக்க ஒருத்தன், விளக்குப் பிடிக்க ஒருத்தன், எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டிருப்பார்கள். ஒருத்தனுக்கும் ஒரு போர்வை எடுத்துப் போடத் தோன்றவில்லையா? அவளுக்கும் அக்கா தங்கை இருப்பார்கள். அவர்களும் இப்படித்தான் படத்தைச் சுவரிலிருந்து கழற்றியிருப்பார்கள்.

உன் அத்தான் குளிர் தெரியாதவர் இல்லை. சரக்கில் மீனும் பூவும் வருகிற குளிரறையில்தான் அவருக்குப் பாதி நாள் வேலை. புது ஆட்கள் நடுங்கினால் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் காய்ச்சலோடு வீட்டுக்கு வருவார். நான் ஏசுவேன். அந்த மனுஷன் இந்தப் பெண்ணுக்குக் குளிருகிறதைப் பார்க்காமல் இருந்திருப்பாரா? பார்த்தும் பார்த்துக்கொண்டே இருந்தாரா? எனக்கு அவரோடு உள்ள சண்டை இனி இது ஒன்றுதான். செத்துப்போய் அவரைப் பார்க்கும்போது கேட்பேன். மற்றதையெல்லாம் இங்கேயே விட்டுவிட்டேன். விட்டதும் அழுகை வந்தது, வெட்கம் குறுக்கே வரவில்லை. ஒரு நாள் முழுக்க அழுதேன்.

கேசட்டைப் பிய்த்து, நாடாவைக் கத்தரித்து, மாடியிலிருந்து கீழே போகிற குப்பைக் குழாயில் போட்டுவிட்டேன். விழுகிற சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

அவருக்காகச் செபிக்க உனக்கு வாய் வரவில்லை என்றால் விடு. நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன். நீ அந்தப் பெண்ணுக்காக ஒரு செபம் சொல்லு. அவள் பெயர் தெரியாது. எழுத்தில் ஓடியது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறாளோ என்னவோ. உன் உடுப்பை அவள் கேட்டு வாங்கிப் போடவில்லை, யாரோ மாட்டிவிட்டது. அவள்மேல் கோபப்படாதே.

இதற்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் பேருந்து நிலையத்துக்குக் குடை இல்லாமல் நடக்காதே.

உன் அக்கா,
அந்தோனியம்மாள்


திண்டுக்கல்
9.5.1985

என் அன்பு அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

பாஸ்கு திருநாள் முடிந்த வாரத்தில் மாலைச் செபத்தில் என் முறை வந்தது. அந்தப் பெண்ணுக்காக மன்றாடுவோம் என்றேன். பெயர் என்ன என்று மதர் கேட்டார்கள். பெயர் தெரியாது, சிங்கப்பூரில் என் அக்காவுக்குத் தெரிந்த பெண், குளிரில் கஷ்டப்படுகிறாள் என்றேன். "சிங்கப்பூரில் குளிருமா?" என்று ஆச்சரியப்பட்டார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு பரலோக மந்திரம் சொன்னார்கள். சாப்பாட்டு நேரத்தில் மதர் என்னிடம் வந்து, அந்தப் பெண்ணுக்கு அனுப்ப நம் பிள்ளைகள் நெய்த கம்பளிப் போர்வை ஒன்று தரட்டுமா என்று கேட்டார்கள். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகஸ்டில் வருகிறேன். மதரிடம் திரும்பவும் கேட்டேன், சரி என்றார்கள். உன் கூடத்தில் எங்கே உட்காரச் சொல்வாயோ அங்கே உட்காருகிறேன். கோயிலில் உன் பெஞ்சில், உன் பக்கத்தில்.

அத்தான் பெயர் இன்னும் என் வாயில் வரவில்லை, அக்கா. வருஷப் பூசையில் நீ சொல்லு. ஆமென் சொல்ல எனக்கு வருகிறதா என்று அப்போது பார்க்கலாம்.

உன் தங்கை,
பிரிஜட்